சந்தியில் ஒரு சிவப்பு

புதிதாகத் தலையெடுத்த தூரத்து நாடொன்று, போர் ஓய்ந்த அந்த ஊருக்குக் வழுவழுவென்று கார்ப்பெட் தார்வீதி போட்டுக் கொடுத்து, பழைய இராணுவச் சோதனைச்சாவடி இருந்த சந்தியிலேயே ஒரு சிக்னல் விளக்கையும் நட்டிருந்தது. சிவப்பைக் கண்டதும், சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மங்களேஸ்வரி பழக்கதோஷத்தில் சைக்கிளை விட்டிறங்கிக் கைப்பையைத் துழாவினாள். அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அட்டை இல்லாமல் இந்த இடத்தை அவள் ஒருநாளும் கடந்ததில்லை.

"அக்கா, அது ஐசி கேக்காது," என்று பின்னால் நின்ற மீன்கார அன்ரனி சிரித்தான். "சும்மா நில்லுங்கோ, தானா விடும்."

"எங்க போறாய் எண்டும் கேக்காதோ?"

"அதுக்கு வாயில்லையே அக்கா!"

விளக்கு பச்சையானது. கம்பத்தடியில் நின்ற, விளக்கை நட்ட நாட்டின் பொறியியலாளர் கைதட்டினார். மங்களேஸ்வரி ஏறி மிதித்துச் சந்தியைக் கடந்தாள். கடந்தவள், அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"சந்தை அங்கால அக்கா!"

"தெரியும் தம்பி. ஒண்டும் கேக்காம இன்னொருக்கா மறிக்கட்டும்."