பத்துக்குப் பத்து

"டெஸ்ட்ல பத்துக்கு நாலு பீஸ் பிச்சிக்கிச்சு மேடம்."

தீனா சாதாரணமாகத்தான் சொன்னான். சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிச்சிக்கிச்சா, நீ பிச்சியா?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்கு பிரேக் லிவர் வார்க்கும் கம்பெனி அது. விரிசல் விட்ட லிவரை மறுபடி உலையில் போட்டு உருக்குவதுதான் வழக்கம். இன்ஜினியர் சுகிர்தா வேறு வழி கொண்டுவந்திருந்தாள். உடைந்த எலும்பு கூடுகிற மாதிரிதான். நிக்கல் கரைசலில் ஊறப்போட்டு, கொஞ்சமே கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் போதும், விரிசலுக்குள் உலோகம் வளர்ந்து மூடிக்கொள்ளும். நெருப்பே வேண்டாம்.

பத்தில் ஒன்பது தேறினால் இரண்டாம் நம்பர் உலையை நிறுத்திவிடலாம் என்றிருந்தார் முதலாளி.

தீனா அந்த உலையின் ஆபரேட்டர். லிவரை இழுத்துச் சோதிக்கும் மெஷினை ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? பிச்சிக்கின எடத்தப் பாருங்க. நிக்கல் புடிக்கவே இல்ல. எண்ணெப் பிசுக்கு. அல்லாத்தையும் ஒரே தண்ணில கழுவிக்கினு கீறாங்க."

"உனக்கென்ன திடீர்னு அக்கறை?"

"லாரி பிரேக்கு மேடம். ரோட்ல பிச்சிக்கினா யாரு பதில் சொல்றது?"

சுகிர்தா நம்பவில்லை. ஆனாலும் ஒவ்வொரு லிவரையும் புதுத் தண்ணீரில் தனித்தனியாகக் கழுவ வைத்தாள்.

அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். பத்தும் தாங்கின. தீனா ரிப்போர்ட்டை எழுதி அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அன்று கேன்டீனில் உலைக்காரர்கள் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

சுகிர்தா நேரே ஹெச்.ஆர். இம்மானுவேலிடம் போனாள்.

"மிரட்டினாத்தான் சார் இவங்க வழிக்கு வராங்க. வேலை போய்டும்னு வேணும்னே உடைச்சான். ஒரு சத்தம் போட்டேன், பத்துக்குப் பத்து!"

இம்மானுவேல் ஒரு ஃபைலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'புதிய முறை வெற்றி பெற்றால் இரண்டாம் உலை நிறுத்தப்படும். அதன்பின் தங்கள் பணி தேவைப்படாது.' மேலே தீனாவின் பெயர்.

சுகிர்தாவின் குரல் இறங்கியது.

"இதை... அவன்கிட்ட இனிமேதானே கொடுக்கணும்?"

"குடுத்தாச்சு மேடம். உங்க மொத டெஸ்ட்டுக்கு முந்தின நாளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினு போய்ட்டாரு."