ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

பள்ளியின் பெண்கள் விடுதிக்கு நூறு வயது. அதன் வரலாற்றை எழுதும் வேலை சரித்திர ஆசிரியன் தலையில் விழுந்தது. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. ஓய்வுபெற்ற வார்டனைத் தேடிப் போனான்.

"என் காலத்துல ஒரு புகார் உண்டா சார்?" காப்பிக்குள் விழுந்த பிஸ்கட்டை விரலால் துழாவி எடுத்து நக்கினாள் வார்டன். "ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுக் கடிதத்தை நானே போர்டுல எழுதிப் போட்டுடுவேன். அத்தனை பொண்ணுங்களும் பார்த்து அப்படியே எழுதணும்."

"சொந்தமா யாராச்சும் எழுதினா?"

"கிழிச்சு அடுப்புல போடுவேன். ராத்திரி சாப்பாடு கட். அடுத்த வாரம் முத்து முத்தா எழுதுவாளுங்க!" குலுங்கிச் சிரித்தாள். "கடைசி வரி என் கைவண்ணம் சார். 'தலையணையை உன் மடி என்று நினைத்துத் தூங்குகிறேன் அம்மா.' உருகாத தாய் உண்டா?"

அவன் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டான்.

வீட்டில் மாமியார் காத்திருந்தார். மகள் இறந்த இந்த எட்டு மாதமாக மருமகனோடுதான் இருக்கிறார். கையில் பழுப்பேறிய ஒரு காகிதம்.

"மாப்பிள்ளை, இதை உங்க புத்தகத்துல போடுவீங்களா? அந்த விடுதியிலேர்ந்து நம்ம பொண்ணு எழுதினது. இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டினதில்ல. தினம் இதைப் படிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது. கடைசி வரியைக் கேளுங்களேன். தலையணையை..."

மேலே படிக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன் மடி என்று நினைத்துத் தூங்குகிறேன் அம்மா" என்று அவன் முடித்தான்.

மாமியாரின் முகம் மலர்ந்தது.

"உங்ககிட்டயும் சொல்லியிருக்காளா மாப்பிள்ளை?"

"சொல்லியிருக்கா அத்தை."