அட்டைக்குப் பின்னால்

சீதாலெட்சுமி தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள். அவள் பெற்ற மகன் ஏமாற்றுகிறான்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருண்டு நின்ற இருபது முகப் பகடையில் விழுந்தது ஒன்று. ராதாகிருஷ்ணன் நிமிர்ந்து, முகம் மாறாமல் சொன்னான்: "பதினெட்டு! இல்மிரா தப்பிச்சிட்டா."

மேசையைச் சுற்றி இருந்த பையன்கள் கைதட்டினார்கள். அவள் தேநீர்த் தட்டோடு அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள்தான், இங்கிலீஷ் வராதுதான். அதற்காக ஒன்றுக்கும் பதினெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?

அது எண்பத்தேழாம் வருஷம். சனிக்கிழமை மதியமானால் போதும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டு ஹால் 'தோர்வான்' என்ற தேசமாகிவிடும். உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. ராஜாக்களும் பூதங்களும் நடமாடும் ஒரு விளையாட்டு அது. ஆளுக்கொரு வேஷம். நடந்ததையெல்லாம் டைப் அடித்து, நகல் எடுத்து, ஈப்போவிலும் பினாங்கிலும் இருக்கும் தங்களைப் போன்ற கிறுக்குகளுக்குத் தபாலில் அனுப்புவார்கள். அங்கே நடந்தது இங்கே வரும். எல்லாம் சேர்ந்துதான் தோர்வானின் சரித்திரம்.

அதற்கு ஒரே ஒரு சட்டம். பகடை விழுந்தபடிதான் எழுத வேண்டும்: பெரிய எண் என்றால் ஆள் பிழைக்கும், சின்னது என்றால் சாகும். செத்ததாக ஒருமுறை அச்சாகிவிட்டால் செத்ததுதான். எந்த ஊர்க்காரனும் உயிர் கொடுக்க முடியாது.

சட்டத்தைப் போட்டவனே ராதாகிருஷ்ணன்தான்!

எல்லாரும் போனதும் அவனை அடுப்படியில் பிடித்தாள்.

"ஏன்டா, ஒண்ணு விழுந்தா பதினெட்டுன்னு சொல்றே?"

"விளையாட்டும்மா. விடுங்க லா."

"இன்னைக்கு விளையாட்டுல பொய் சொல்றவன் நாளைக்கு ஆபீஸ்ல சொல்ல மாட்டானா? உங்கப்பா, டிக்கெட் எடுக்கலேன்னு கூடப் பிறந்த தம்பியையே ரயில்லேர்ந்து செரம்பான்ல இறக்கி விட்டவருடா!"

யாரும் குடிக்காமல் மிச்சம் நின்ற ஒரு கோப்பைத் தேநீரைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குப் பகடை, அப்புறம் சூது, அப்புறம் வாசலில் போலீஸ்... பாசாருக்கு மீன் வாங்கப் போனவள் கீரையோடு திரும்பினாள். அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு கட்டிய பிறகுதான் தூக்கம் வந்தது.

சனிக்கிழமையும் வந்தது. தேநீரும், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பீசாங் கோரேங்கும் எடுத்துக்கொண்டு அவள் ராதாகிருஷ்ணனுக்குப் பின்னால் போய் நின்றாள். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போக, கோப்பைகள் கிடுகிடுத்தன. பகடை உருண்டது.

இரண்டு.

"பதினேழு," என்றான் மகன்.

அவள் வாயைத் திறக்குமுன் கன்னையா எழுந்துவிட்டான். கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வருகிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

"டேய், போதும்டா! என் ஆளுக்கு எப்பவோ சங்கு ஊதிட்டீங்க. இல்மிராவுக்கு மட்டும் எப்படிடா எப்பவும் பெரிய நம்பர்? அட்டையை எடு, நான் பார்க்கணும்."

"எடுக்கக் கூடாது. அதுதான் ரூல்."

"அப்ப ஆன்டி சொல்லட்டும். பின்னாடிதானே நிக்கிறாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. சொல்லுங்க ஆன்டி, என்ன நம்பர்?"

வாரம் முழுக்க அவள் காத்திருந்த கேள்வி. ஆனாலும் மகன் ஏன் அந்த இல்மிராவை மட்டும் காப்பாற்றுகிறான் என்று முதலில் தெரிந்துகொள்ளத் தோன்றியது.

"இரு. இல்மிராங்கிறது யாரோட ஆளு?"

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். மேசையின் கோடியில் இருந்த விநாயகமூர்த்திதான் மெல்லச் சொன்னான்.

"என் தங்கச்சியோட ஆள், ஆன்டி. இப்ப அவளுக்காக நான் விளையாடுறேன்."

குணபூசணி!

அண்ணன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவாள். 'பூசணிக்கா' என்று எவனாவது கேலி செய்தால் பகடை பறக்கும். இதே மேசையின் அந்த மூலையில் காலை மடக்கி உட்கார்ந்து, தோர்வானின் ஆறுகளுக்கெல்லாம் நீலம் தீட்டியது அவள்தான். "ஆன்டி, சீனி இன்னும் ஒரு கரண்டி" என்று கோப்பையோடு அடுப்படிக்கே வந்து நிற்பாள். போன தீபாவளிக்குப் புதுப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தாள். டெங்கிக் காய்ச்சல் அதை உடுத்த விடவில்லை.

விநாயகமூர்த்தி சீதாலெட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தட்டை வைத்துவிட்டு, குனிந்து பகடையை இன்னொரு தரம் பார்த்தாள். இரண்டேதான்.

"பதினேழு," என்றாள். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பதினேழு!"

விநாயகமூர்த்தியின் தோள்கள் தளர்ந்தன. ஒரு பீசாங் கோரேங்கை எடுத்துக் கடித்தான். கன்னையா முணுமுணுத்தபடி உட்கார்ந்தான்.

சாயங்காலம் கன்னையா வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"போய்ச் சேர்ந்த பிள்ளைடா அது. அவ ஆளு பிழைச்சுக் கிடந்தா உனக்கு என்னடா கொள்ளை போகுது? ஏன் அப்படிக் கத்தினே?"

கன்னையா உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"விநாயகத்துக்குச் சந்தேகம் வந்துடுச்சு ஆன்டி. 'பாவம் பார்த்துத்தான் அவளைச் சாக விடாம வச்சிருக்கீங்களா? அப்படின்னா இனிமே நான் வரலை'ன்னு போன வாரம் பஸ் ஸ்டாப்புல அழுதான். அவனால கேட்க முடியலை. அதான் நான் கேட்டேன். ராதாவும் நானும் பேசி வச்சதுதான்."

"அடப்பாவி! நான் பார்த்ததை ராதா சொல்லலையா? உண்மையைச் சொல்லியிருந்தேன்னா?"

கன்னையா சிரித்தான்.

"ராதாவும் பயந்தான் ஆன்டி. நான்தான் சொன்னேன், இன்னமும் சனிக்கிழமையானா சீனி அதிகம் போட்டு ஒரு கோப்பை கூடுதலா கொண்டு வர்றவங்கடா, காட்டிக் கொடுக்க மாட்டாங்கன்னு."