கிளட்ச் கால்

அக்கா, மஸ்கட்ல கம்பெனி பஸ்ல உக்காந்திருக்கேன், குலுக்கல்ல டைப் பண்ண முடியல, அதான் வாய்ஸ்ல பேசியே அனுப்புறேன். ஷோரூம்ல நீ வீடியோ கால்ல காட்டினப்ப அந்த மினி டிராக்டரை நான் சரியாவே பாக்கல. அப்பா காலைத்தான் பாத்தேன். சீட்டுல ஏறி உக்காந்து, "தென்னைக்கு நடுவுல வளைஞ்சு போவுமா தம்பி?"ன்னு கேட்டாரு. சேல்ஸ்காரரு முன்சக்கரத்தைக் காட்டக் குனிஞ்ச நேரத்துல, வாதம் வந்த இடது காலை ரெண்டு கையாலயும் தூக்கி கிளட்ச் மேல வச்சாரு. யாரோ மறந்து வச்சுட்டுப் போன பையை நகத்தி வைக்கிற மாதிரி. அப்புறம் முழங்காலை அமுக்கினாரு, கிளட்ச் இறங்கிச்சு. "பாத்தியாடா, எனக்குன்னே செஞ்ச வண்டி"ன்னாரு. வேணாம்ப்பான்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். "சூப்பர்ப்பா"ன்னு வந்துருச்சு.

நாளைக்கு வண்டி வீட்டுக்கு வருது. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, அவரையே ஓட்டி நசுக்கச் சொல்லுவாங்க. தெருவே நின்னு பாக்கும். நீ அவரு இடது பக்கமே நில்லுக்கா. அவரு கை அந்த இடது காலைத் தேடுறப்ப, திருஷ்டிப் பூசணிக்காயை வலது பக்கமாப் போட்டு உடைக்கச் சொல்லு. எல்லாரும் அதையே பாக்கட்டும்.