வாசலில் கிடந்த பச்சைச் செருப்பு

"ஏனுங்கண்ணா, அது நம்ம அபிராமி செருப்பாட்டம் இருக்குதே?"

மண்ணரை ஊர் டீக்கடை பெஞ்சில் இருந்தபடியே ஆறுச்சாமி எதிர்ப்பக்கம் கை காட்டினார். லிங்கசாமி திரும்பினார். பிரவுசிங் சென்டர் வாசலில் கழற்றி விட்ட செருப்புகளுக்கு நடுவே மகளின் பச்சைச் செருப்பு. துணி வார் அறுந்தபோது தன் பனியன் கம்பெனி மிஷினில் வைத்து அவரே தைத்துக் கொடுத்தது.

"சீட்டுக்குச் சீட்டு திரை போட்டிருக்குதாமா. உள்ள என்ன நடக்குதுன்னு ஆரு கண்டா? நாளைக்கு உடுமலைப்பேட்டைக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க..." ஆறுச்சாமி டீயை உறிஞ்சினார். "மாதவன் பண்ணுனது பத்தாதாக்கும்."

"அந்தப் பேரை எடுக்காதே."

தானாகப் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு மஸ்கட் போன மகனை அவர் தலைமுழுகி மூன்று வருடமாகிறது. போனில் அவன் குரல் கேட்டால் உடனே வைத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பெண்கள் அந்தக் கம்ப்யூட்டர் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்பது இன்னொன்று.

தெருவில் சத்தம் போட்டால் மானம் போகும். முதலில் உறுதி செய்துகொள்ள, டீக்கடையின் ஒரு ரூபாய் போனில் வீட்டுக்குப் பேசினார்.

"சொல்லுங்கப்பா."

எடுத்தது அபிராமி.

"நீ ஊட்லயா இருக்கறே? அப்ப உன்ற செருப்பு?"

"அம்மா செருப்பு அறுந்துருச்சுங்கப்பா. என்றதைப் போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிருக்குது."

லிங்கசாமி விறுவிறுவென்று சாலையைக் கடந்தார். வாசலில் கால் வைக்கும்போதே முதல் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி வெள்ளையம்மாளின் குரல் கேட்டது. வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

"பல்லு மொளைச்சிருச்சா கண்ணு? அப்பாயிக்கு வாயைத் தொறந்து காட்டு பாக்கலாம். மாதவா, புள்ளையை இன்னும் கொஞ்சம் கிட்டத் தூக்கிப் புடிடா."

கடைக்காரர் தமீம் பதறி எழுந்தார். "வாரா வாரம் வருவாங்கய்யா. இப்ப மவுசெல்லாம் அவங்களே புடிச்சுக்கறாங்க..."

லிங்கசாமி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் செருப்பைக் கழற்றி, பச்சைச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார்.

"ஏம்ப்பா, நான் உள்ள போனா, அந்தப் பொட்டியில அவங்களுக்கும் நான் தெரிவேனா?"

"நல்லாவே தெரிவீங்கய்யா."

லிங்கசாமி துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அப்படின்னா, ஒரு சீப்பு இருந்தாக் குடு."