நேர்ல வந்து சொல்லணும்

வேலியோரம் ஒரு அணில் கடலை உடைக்கும் பட்டறை வைத்திருந்தது. வேலைக்கு ஓணானும் மூஞ்சூறும். ஒருநாள் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிய ஓணான், வேலி உச்சியில் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்ததை அணில் பார்த்துவிட்டது. ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கே விதி போட்டது:

"யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் நேர்ல வந்து சொல்லணும். இடத்தை விட்டு எந்திரிக்கிறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான்."

ஒருநாள்கூட லீவு போட்டிராத மூஞ்சூறும் தலையாட்டியது. பட்டறை ஒழுங்குக்கு வந்துவிட்டதென்று அணிலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடைமழை பெய்த ஒரு காலையில் மூஞ்சூறைக் காணோம். வெகுநேரம் கழித்து, சேற்றில் வயிறு உரச ஊர்ந்து வந்து வாசலில் விழுந்தது.

"இதுவா வர்ற நேரம்?" என்று சீறியது அணில்.

"வேலைக்கு வரல, அண்ணே. உடம்பு முடியல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அணில் வாசலுக்கு இறங்கி வந்தது. "சரிம்மா, லீவு எடுத்துக்கோ. போய்ப் படு."

மூஞ்சூறு எழுந்திருக்கவில்லை. அணில் தொட்டுப் பார்த்தது. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

உள்ளே ஓணான், கையில் பிடித்த கடலையோடு, கண் கலங்கி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

"அண்ணே," என்றது மெதுவாக, "எந்திரிச்சு வரலாமா?"