போயிட்டு வரேன்

தெருவே ரெஜினா டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே டீச்சர் வழுக்கி விழுந்து முனகுவது எங்களுக்குக் கேட்டது. ஆளைப் பார்த்துத் தானே கதவு திறக்கும் அந்தப் பேசும் வீடுதான் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. "உங்க பேர் பட்டியல்ல இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"நகருங்க சார், நான் கூப்பிடுறேன்" என்றேன்.

"இருபது வருசமா எதிர்வீடு, எனக்கே திறக்கல. கொத்தனாருக்குத் திறந்துடுமாக்கும்?" என்றார் கஜபதி சார்.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"வாங்க வேலாயுதம். வரேன்னு சொல்லிட்டுப் போய் பதினோரு மாசம் ஆச்சு" என்று வீடு திறந்துகொண்டது.

போன ஆடியில் சுவர் பூசிவிட்டுக் கிளம்பும்போது வாய்ப் பழக்கத்தில் சொன்னதுதான். "இந்த வீடு சொன்னதை அப்படியே நம்பும்பா, ஒருநாள் வந்தே ஆகணும்" என்று டீச்சர் அன்றைக்கே சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நானும் கஜபதி சாரும் டீச்சரைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். இடுப்பு வலியில் டீச்சர் அழுதார்.

"அவ்வளவுதான் வேலாயுதம், நான் போறேன்."

"வீடு கேட்டுக்கிட்டிருக்கு டீச்சர். ஒழுங்கா சொல்லுங்க."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"போயிட்டு வரேன்."

"சரிங்க டீச்சர்" என்றது வீடு.